இரண்டு வீட்டுக் குடை

பராபவ வருஷம், அதாவது அறுபத்தாறில், சித்திரை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், சின்னக் காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள் ஏழு பேர். மூத்தவனான நான், ஆராவமுதன். என் தம்பி அழகியமணவாளன். சமையற்கட்டு வாசலில் என் மனைவி நாமகிரி, அவளுக்குப் பின்னால் தம்பி மனைவி ரமாமணி. கோயில் நிர்வாகத்திலிருந்து விசாரணைக்கு வந்திருந்த பஞ்சாட்சரம். பெருமாளுக்குக் குடை தைக்கும் தஸ்தகீர். குடைக்கு மூங்கில் கொண்டுவரும் தாமல் கண்ணாயிரம். கடைசி இருவரும் கூடத்துக்குள் வரவில்லை, ரேழியில் நின்றார்கள். எட்டாவது ஆள் கிடையாது. தாங்களும் அன்று தூணோரம் நின்று கேட்டதாக இப்போது மேடையில் பேசுகிறவர்களில் சிலர் அப்போது பள்ளிக்கூடம் தாண்டாதவர்கள். ஒருவர்கூட எங்கள் தெருவுக்கு வந்தவர் அல்லர்.

எங்கள் தெருக்கோடியில் இருப்பது சின்னக் கோயில். ஊரின் பெரிய கோயிலோடு அதற்குச் சம்பந்தம் கிடையாது. அங்கே வைகாசி உற்சவத்துக்குக் குடை எடுப்பது ஐந்து தலைமுறையாக எங்கள் குடும்பத்துக் கைங்கரியம். ஓர் ஆளை விட உயரமான மூங்கில் காம்பு, மேலே வளைந்த மூங்கில் விலாக்கள், அவற்றின் மீது வெண்பட்டு, ஓரத்தில் ஜரிகைக் குஞ்சம். கருடசேவையன்று பெருமாள் தலைக்கு மேல் அந்தக் குடை அசையாமல் நிற்க வேண்டும். நிற்பது எங்கள் மானம்.

அதைத் தைப்பது தஸ்தகீர் வீடு. ஆற்காட்டு நவாபின் காலத்தில் கூடாரம் தைத்தவர்கள். மூங்கில் மேல் துணி இழுத்துத் தைக்கிற வித்தை அவர்களிடம்தான் இருந்தது. துணியைச் சாய்வாக வெட்டினால்தான் மூங்கில் வளையும்போது பட்டும் சற்று இளகிக் கொடுக்கும். நேராக வெட்டிய துணி முதல் காற்றிலேயே கிழியும். தைக்கும் பத்து நாளும் அவர் கவுச்சி தொடமாட்டார். காலையில் குளத்தில் முழுகிவிட்டு மதிலுக்கு வெளியே உள்ள மண்டபத்தில் உட்கார்ந்து தைப்பார். கடைசித் தையலை மட்டும் போடாமல் விட்டுவைப்பார். அதை எங்கள் வீட்டு மூத்தவன் வந்து போட வேண்டும். என் அப்பாவுக்குப் பிறகு பதினைந்து வருஷம் அந்தத் தையலைப் போட்டவன் நான். என் கண் மங்கிய பிறகு ஊசியில் நூல் கோத்து என் கையில் கொடுப்பவர் தஸ்தகீர். “பாத்து சாமி, கட்டவெரல்ல குத்திக்கப் போறீங்க” என்பார், ஒவ்வொரு வருஷமும். ஒவ்வொரு வருஷமும் நான் குத்திக்கொள்வேன்.

இந்த ஏற்பாடு ஒரு காகிதத்தில் இருக்கிறது. என் கொள்ளுத்தாத்தா எழுதியது. முத்திரைக் காகிதம், மசி பழுப்பேறியது. அதில் உள்ள வாக்கியம் எனக்கு மனப்பாடம்: ‘நம்முடைய வீட்டாரும் கூடாரத் தையல் வீட்டாரும் ஆகிய இந்த இரண்டு வீட்டாரன்றி வேறு கை இந்தக் குடையில் படலாகாது.’

என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுக்குத் தமிழ் நன்றாக வந்தது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தமிழ் வரும், ஆனால் அவன் எழுதினால் வாசிக்கிறவனுக்கு ரத்தம் சூடாகும். சென்னையில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவன், திரும்பி வந்து ‘சக்கர முழக்கம்’ என்று வாரப் பத்திரிகை தொடங்கினான். முதலில் நாத்திகர்களைத் தாக்கி எழுதினான். பிறகு சினிமாவைத் தாக்கினான். வாரம் இருநூறு பிரதி போனது, அதற்கு மேல் நகரவில்லை. பாகிஸ்தான் சண்டை வந்த வருஷம் அவனுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. எல்லையில் நிற்கிற எதிரியைப் பற்றி எல்லோரும்தான் எழுதுகிறார்கள். அடுத்த தெருவில் எதிரி இருக்கிறான் என்று எழுதினால் எண்ணூறு பிரதி போகிறது. சென்னையில் ‘பாரத தர்மப் படை’ என்று ஓர் அமைப்பு அவனைக் கூப்பிட்டு மேடையேற்றியது. காக்கித் தொப்பி போட்ட இளவட்டங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து அவன் காலைத் தொட்டார்கள். என் காலையும் தொட்டார்கள். நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை. கடைவீதியில் என்னை ‘எழுத்தாளரோட அண்ணா’ என்று யாராவது காட்டினால் எனக்கு அது இனித்தது. இதை மறைத்துவிட்டு மற்றதை எழுதினால் நான் எழுதுவதற்கு மதிப்பில்லை.

விசாரணைக்கு முந்தின மாதம், பங்குனியில், ‘பெருமாள் குடையில் யார் கை?’ என்று எழுதினான். நம் முன்னோர் குடையில் அந்நியனைத் தொடவிட்டதில்லை, இடையில் நுழைந்தவன் தஸ்தகீர், நுழைத்தது சோம்பேறி நிர்வாகம் என்பது கட்டுரையின் சாரம். ஆதாரமாக எங்கள் கொள்ளுத்தாத்தாவின் காகிதத்தையே அச்சில் போட்டிருந்தான். போட்டது இவ்வளவுதான்: ‘வேறு கை இந்தக் குடையில் படலாகாது.’ முன்பாதி இல்லை.

படித்ததும் அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். இடம் போதவில்லை என்றான். கேட்டதோடு விட்டுவிட்டேன்.

நாற்பது பேர் கையெழுத்திட்டு நிர்வாகத்துக்கு மனு போனது, தஸ்தகீரை நீக்க வேண்டும் என்று. மனுவை விசாரிக்கத்தான் பஞ்சாட்சரம் வந்தார். நிதானமான மனிதர். எந்தத் தரப்புக்கும் சார்பாகப் பேசவில்லை. காகிதத்தைக் கண்ணால் பார்த்துவிட்டால் அதில் உள்ளபடியே எழுதி அனுப்பிவிடுவேன், இரண்டு பேருக்கும் சண்டை மிச்சம் என்றார். அடுத்த மாதம் சென்னையில் தம்பிக்குத் ‘தர்மக் காவலர்’ என்று பட்டம் கொடுக்க நாள் குறித்திருந்தார்கள். எங்கள் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் போவதாக இருந்தார்கள்.

அந்தக் காகிதம் இருந்த பெட்டியின் சாவி என் பூணூலில் இருந்தது.

தஸ்தகீர் நிலைப்படிக்கு வெளியிலிருந்தே பேசினார். “எனக்கு எழுத்து தெரியாது சாமி. எங்கப்பா சொல்லித்தான் தெரியும், அந்தக் காயிதத்துல எங்க ஊட்டுப் பேரு இருக்குதுன்னு. எடுத்துக் காட்டக்கூட வேணாம். இருக்குதுன்னு நீங்க வாயால சொன்னா போதும்.”

பஞ்சாட்சரமும் தலையசைத்தார். என் வாய்ச்சொல் அவருக்கும் போதுமானதாக இருந்தது. அந்த மரியாதை எங்கள் வீட்டுக்கு இருந்தது.

நான் வாய் திறப்பதற்குள் தம்பி பேசிவிட்டான். “அந்தக் காகிதத்தைத்தான் கரையான் அரிச்சுடுத்தே அண்ணா. போன வாரந்தானே பார்த்தோம். நீங்களே சொல்லுங்கோ.”

எங்கள் அப்பா சாகும்போது இரண்டு பேர் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னார். வெளியார் முன்னால் அண்ணன் தம்பி இரண்டு வாக்கு பேசக் கூடாது. உள்ளே அடித்துக்கொள்ளுங்கள், வாசலில் ஒரே வாக்கு. பங்காளிச் சண்டையில் நீதிமன்றம் ஏறி அழிந்த வீடுகளை அந்தத் தெருவில் பார்த்துவிட்டுச் சொன்ன வார்த்தை அது. நாங்கள் அதை மீறியதில்லை. தம்பிக்கு அது தெரியும். தெரிந்துதான் பொய்யை எல்லோர் முன்னாலும் என் கையில் கொடுத்தான். நான் ‘இல்லை’ என்று சொன்னால் என் தம்பி பொய்யன், அதுவும் ஒரு துலுக்கருக்கும் குடியானவனுக்கும் ஒரு சைவருக்கும் முன்னால். என் மனம் அன்று இப்படித்தான் கணக்குப் போட்டது, இந்த வார்த்தைகளால்தான்.

“ஆமாம்” என்றேன். “அரிச்சுடுத்து.”

சமையற்கட்டுப் பக்கம் ஒரு பாத்திரம் கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. நாமகிரி உள்ளே போய்விட்டாள். ரமாமணி அங்கேயே நின்றாள்.

கண்ணாயிரம்தான் சிரித்தான். “உங்க ஊட்டுக் கரையானுக்கும் படிப்பு வந்துடுச்சு சாமி. எயுத்துக் கூட்டிப் படிச்சு, வேண்டாத பாதியா பாத்துத் துன்னுக்கினு இருக்குது.”

தம்பி அவனை அதட்டினான். தஸ்தகீர் கண்ணாயிரத்தின் தோளில் கை வைத்து நிறுத்தினார். பிறகு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. நான் தையல் போடும்போது என் விரலைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

“சரி சாமி. நீங்க சொன்னா சரி” என்றார். கக்கத்திலிருந்த வெள்ளை மூட்டையை நிலைப்படியில் வைத்தார். “இந்த வருசத்துத் துணி முடிஞ்சுபோச்சு. கடைசித் தையல்தான் பாக்கி. ஊசியில நூலு கோத்து வெச்சிருக்கறேன்.”

பஞ்சாட்சரம் எழுதிக்கொண்டு போனார். காகிதம் இல்லாததால் பாத்தியதையை நிரூபிக்க முடியவில்லை என்று முடிவாயிற்று. எழுதியதில் அவர் பிழை ஒன்றும் இல்லை.

அந்த மூட்டையைத் தம்பி குடையில் போடவிடவில்லை. கடைவீதியில் சட்டை தைக்கிற ஒருவனைப் பிடித்து, இயந்திரத்தில் ஒரே நாளில் புதுத் துணி தைத்து வாங்கினான். அதை மூங்கிலில் ஏற்றும்போதே கண்ணாயிரம் கொண்டுவந்து போட்டிருந்த விலாக்கள் முனகின. துணி நேராக வெட்டப்பட்டிருந்தது. எனக்குத் தெரிந்தது. விசாரணை நடந்த காலையிலிருந்து நான் தம்பியோடு பேசுவதில்லை, ஆகையால் சொல்லவில்லை. இப்படியும் ஒரு மானம் உண்டு.

கருடசேவையன்று காலை எட்டு மணிக்குப் பெருமாள் தெரு முனை திரும்பினார். கோடைக்காற்று ஒரு வீச்சு வீசியது. பட்டு நடுவிலிருந்து ஓரம் வரை பிளந்தது. காம்பைப் பிடித்திருந்தவன் நான். விலாக்கள் எலும்புபோல் வெளியே தெரிய, கிழிந்த துணி என் முகத்தில் அடித்தது. பெருமாள் தலைமேல் வெயில் விழுந்தது. மேளம் நின்றுவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். கூட்டம் முழுவதும் தலையைக் குனிந்துகொண்டது, எங்களைப் பார்க்காமல் இருப்பதற்காக.

அந்த வாரமே தம்பி எழுதினான். குடை கிழிந்ததற்குக் காரணம் சூனியம், வைத்தவன் வஞ்சம் கொண்ட தையற்காரன் என்று. இதழ் வெளிவந்த மறுநாள் நடுப்பகலில் காக்கித் தொப்பிகள் போய் தஸ்தகீரின் தையல் கொட்டகையைக் கொளுத்தினார்கள். கல்யாணப் பந்தல் துணிகள் அத்தனையும் எரிந்தன. உயிர்ச்சேதம் இல்லை. யார் மீதும் வழக்கு இல்லை.

அன்று அவனோடு பேசினேன்.

“நான் எழுதினேன். கொளுத்தச் சொல்லலையே அண்ணா” என்றான்.

தஸ்தகீர் குடும்பத்தோடு ஆம்பூருக்குப் போய்விட்டார். அங்கே தோல் கம்பெனியில் செருப்பு மேல்தோல் தைப்பதாகக் கண்ணாயிரம் சொன்னான். ரேழியில் நின்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூட வாங்கிக்கொள்ளாமல் போனான். அதன் பிறகு தாமலிலிருந்து எங்களுக்கு மூங்கில் வரவில்லை. அடுத்த வருஷம் நிர்வாகம் குடைக் கைங்கரியத்தைத் தானே எடுத்துக்கொண்டு, சென்னையிலிருந்து நைலான் துணிக் குடை வாங்கி வைத்தது. ஐந்து தலைமுறை அதோடு முடிந்தது. தம்பி அதையும் நாத்திக அரசின் சதி என்று எழுதினான். அது நன்றாக விற்றது.

அவன் பெரிய ஆளானான். பட்டம் கிடைத்தது, பொன்னாடை கிடைத்தது. வேலூர், சேலம், திருச்சி என்று போய்ப் பேசினான். ‘குடைக் காவல்’ என்ற புத்தகம் மூன்று பதிப்பு போயிற்று. ஊர் ஊராக ஒரு தஸ்தகீரைக் கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் அவன் தொழில் என்று எனக்குப் பட்டது. ஓர் ஊரில் கொட்டுக்காரர், இன்னோர் ஊரில் வாணம் செய்கிறவர், வேறோர் ஊரில் அத்தர் விற்கிறவர். அவன் பேசிவிட்டு ரயிலேறுவான். பின்னால் என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டான். எங்கள் ஊர் மட்டும் அவனை நன்றாக அறிந்திருந்தது. நகராட்சித் தேர்தலில் நின்று நூற்றிருபத்தாறு ஓட்டு வாங்கி டெபாசிட் இழந்தான். குடை கிழிந்ததைப் பார்த்தவர்கள் அந்த வார்டில் இருந்தார்கள்.

எழுபத்திரண்டில் தஸ்தகீர் ஆம்பூரில் இறந்துபோனார். ஆறு வருஷமாக எங்கள் பக்கம் வராத கண்ணாயிரம் வாசலுக்கு வந்தது அதைச் சொல்லத்தான். நடுவீதியில் நின்று சொன்னான். “உங்களப் பத்தி ஒரு வார்த்த தப்பா பேசல சாமி அவுரு. பேசியிருக்கலாம்.”

செத்தவர் எங்களுக்குப் பங்காளி அல்லர். எனக்குத் தீட்டுக் கிடையாது. நான் உள்ளே வந்தபோது நாமகிரி கிணற்றடியில் தண்ணீர் சேந்தி வைத்துக்கொண்டிருந்தாள். குளித்தேன்.

நெருக்கடி நிலை வந்து, மாநில ஆட்சியும் கலைந்த பிறகு தம்பியைப் பிடித்தார்கள். எழுபத்தாறு பிப்ரவரி. ஒரு பிற்பகல் வந்து வீட்டைச் சோதனை போட்டார்கள். பழைய இதழ்களை இரண்டு சாக்கில் கட்டினார்கள். என் பெட்டியையும் திறக்கச் சொன்னார்கள். சாவியை நானே கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் இளைஞர். காகிதத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து முழுவதும் வாசித்தார். கரையான் அரித்ததாக நான் சொன்ன பிறகு அதை வெளியார் ஒருவர் வாசித்தது அதுவே முதல் தடவை.

“குடை தைக்கறதப் பத்தி இருக்குது. இதுல அரசியல் ஒண்ணும் இல்லியே” என்று மடித்துத் திரும்ப வைத்துவிட்டார்.

தம்பி பதினொரு மாதம் சிறையில் இருந்தான். நான் மாதம் ஒரு தடவை போனேன். தர்மப் படையின் சென்னைத் தலைவர்கள் ஒருவரும் வரவில்லை. சிலர் அரசாங்கத்துக்கு ஆதரவாக அறிக்கை விட்டுவிட்டு வீட்டில் இருந்தார்கள். ஒரு தடவை கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, தன் பக்கத்து அறையில் இருக்கிற சாயபு ஒருவர் தன் துப்பட்டியைத் தைத்துக் கொடுத்ததாகச் சொன்னான். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தான். நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன். அந்தத் துப்பட்டியைப் பற்றி அவன் எங்கும் எழுதவில்லை.

வெளியே வந்தவனுக்கு நெஞ்சு கெட்டிருந்தது. எழுபத்தெட்டில், காளயுக்தி வருஷம் ஐப்பசியில் போய்விட்டான்.

பதிமூன்றாம் நாள் எல்லாம் முடிந்தபின் ரமாமணி கூடத்துக்கு வந்தாள். எங்கள் வீட்டில் தம்பி மனைவி கணவனின் அண்ணனிடம் நேரே பேசும் வழக்கமில்லை. முப்பது வருஷமாக நாமகிரியிடம் சொல்லித்தான் எனக்குச் சொல்வாள். தம்பியின் கைப்பிரதிகள் அத்தனையும் அச்சுக்குப் போகுமுன் அவள் கையால் படியெடுத்தவை. முத்து முத்தான எழுத்து. அன்று என் எதிரில் வந்து நின்று, என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

“அந்த வாக்கியத்தை நான் முழுசாத்தான் எழுதிக் கொடுத்தேன். பாதியை அடிச்சது அவர். அவர் அடிச்சதை நீங்க அரிக்க விட்டேள்.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சென்ற மாதம் நான்கு பேர் வந்தார்கள். தர்மப் படை இப்போது வேறு பெயரில் நடக்கிறது. தம்பிக்கு நினைவுக் கூட்டம், ‘குடைக் காவல்’ நான்காம் பதிப்பு, அதற்கு மூத்தவன் என்ற முறையில் என் ஆசியுரை. முன்னுரையை அவர்களே எழுதி அச்சுக் கோத்துக் கொண்டுவந்திருந்தார்கள். அதில் இப்படி இருந்தது: நெருக்கடி நிலையில் போலீசார் இவ்வீட்டில் புகுந்து, அந்நியர் குடையைத் தொடலாகாது என்ற முன்னோர் சாசனத்தைப் பறித்துச் சென்று தீயிட்டார்கள். அந்தத் துயரத்தால்தான் அவர் நெஞ்சு வெடித்து மாண்டார்.

நான் கேட்டேன், கரையான் அரித்தது என்றல்லவா முன்பு மேடையில் சொன்னீர்கள்.

நடுவில் இருந்தவர் சிரித்தார். “கரையான்னா யாருக்கும் கோபம் வராதுங்களே, பெரியவரே.”

நாமகிரி அவர்களுக்கு மோர் கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டுப் போனார்கள். முன்னுரைத் தாளை என்னிடம் விட்டுப்போயிருக்கிறார்கள், கையெழுத்துக்காக. கையெழுத்துப் போடவில்லை. அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதினேன். வெளியார் முன்னால் அண்ணன் தம்பி ஒரே வாக்கு என்றார் அப்பா. தம்பி இப்போது இல்லை. வாக்கு ஒன்றுதான், அது என்னுடையது.

அந்தக் காகிதத்தைப் போலீஸ் எடுத்துப்போகவில்லை. யாரும் தீயிடவில்லை. கரையானும் அரிக்கவில்லை. என் பெட்டியில், கடைசித் தையல் போடாத வெண்பட்டுக்கு மேல், மடித்தபடி இருக்கிறது. அதில் இரண்டு வீடு என்று எழுதியிருக்கிறது.